பதினொன்றரைக்குள் ஒரு படம்

பதினொன்றரைக்குள் ஒரு படம் வேண்டும். இப்போது பத்தே கால். மாமாவை உள்ளே கட்டிலில் உட்கார வைத்துவிட்டு வந்து, வராந்தாவின் நீல ரெக்சின் பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்தால் சார்ஜ் முப்பத்தொன்று என்கிறது. சார்ஜரை எடுத்துப் பையில் வைத்தேனே. இல்லை, வைக்க வேண்டும் என்று நினைத்தேன், அதற்குள் அவருக்கு வலது கால் செருப்பை மாட்டிவிடக் குனிந்தேன், நினைத்ததே வைத்ததாகிவிட்டது. முப்பத்தொன்று போதும். ஒரே ஒரு படம்தானே, அதுவும் ஃபோனில் கட்டைவிரல் நகம் அளவுக்கு வரப்போகிற படம். கதவு பாதி திறந்திருக்கிறது. உள்ளே பிசியோதெரபி தம்பி எண்ணுவது கேட்கிறது, ஒண்ணு, ரெண்டு, அப்படியே புடிங்கண்ணா, மூணு. பினாயில் வாடையும் யாரோ திறந்த எலுமிச்சை சாதத்தின் வாடையும் சேர்ந்து வருகின்றன. பக்கத்தில் மாமாவின் மஞ்சள் அட்டை. தண்டபாணி, வயது 46, ஊர் கோபி, தொழில் டிரைவிங் ஸ்கூல். அதன் கீழே சிவப்பு மையில், பக்கவாதம், வலது பக்கம் பலவீனம், பேச்சு இழப்பு. அதற்கும் கீழே, உடனிருப்பவர்: சுகந்தி, மனைவி. உடனிருப்பவர். ஆஸ்பத்திரிக்காரர்கள் எல்லா அட்டையிலும் அச்சடித்து வைத்திருக்கிற சொல், என்னைப் பார்த்து எழுதியதில்லை. ஆனாலும் அட்டையைக் கவிழ்த்து வைக்கிறேன்.

படம், சுகந்தி, படத்தை யோசி. வாரா வாரம் வியாழக்கிழமை பதினொன்றரைக்கு இந்தப் பேச்சுப் பயிற்சிக் குழு கூடுகிறது, ஏழு குடும்பம். மாமாவைப் போலவே பேச்சை இழந்தவர்கள். உள்ளே வார்த்தை இருக்கிறது, வாய்க்கு வரும் வழிதான் அடைத்துவிட்டது என்று முதல் நாளே விளக்கியது ஷமீமா, பேச்சுப் பயிற்சி தருகிற பெண். எழுத்தும் அப்படித்தானாம், பார்த்தால் கோடு கோடாகத்தான் தெரியுமாம். அதனால் ஒரு பட அட்டை கொடுத்தது. சோறு, தண்ணீர், வலி, கழிப்பறை, தொட்டுக் காட்டினால் நாம் புரிந்துகொள்ளலாம். கடைக்குக் கூட்டிப் போனால் அட்டை வீட்டில் கிடக்கும், வீட்டில் தேடினால் காருக்குள் கிடக்கும். எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றே ஒன்று, ஜவுளிக்கடைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் வெப்சைட் செய்து கொடுப்பது. சரி, இதையும் ஒரு வெப்சைட்டாகச் செய்துவிடலாம் என்று ஏப்ரலில் உட்கார்ந்தேன். நாற்பத்திரண்டு படம். தொட்டால் ஒரு குரல் சொல்லும். முதலில் கம்ப்யூட்டர் குரல் வைத்தேன், ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி இருந்தது. அப்புறம் என் தம்பியைப் பேசச் சொல்லி எடுத்தேன். மச்சான் குரலில் ‘எனக்குப் பசிக்குது’ என்று தன் ஃபோன் சொன்னதைக் கேட்டு மாமா அன்றைக்குச் சிரித்தார், வாயின் இடது ஓரத்தால் மட்டும். நாலு நாள் கழித்து அதே ‘பசிக்குது’ வந்தபோது சிரிக்கவில்லை. பசி நம்முடையது, குரல் இன்னொருத்தருடையது என்றால் எப்படி இருக்கும்? எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டால் பதில் சொல்ல அவரிடம் அந்தக் குரல்தானே இருக்கிறது.

மற்ற ஆறு வீடும் எங்களுக்கும் வேண்டும் என்றார்கள். கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் தெரிந்தது, வெப்சைட் என்றால் முகவரி அடிக்க வேண்டும், எழுத்தே தெரியாமல் போனவர் எப்படி அடிப்பார்? அந்தியூர்ப் பக்கம் காட்டு வீட்டில் இருக்கிற ருக்குமணியம்மாவுக்கு டவரே கிடையாது, ‘தண்ணி’ என்று கேட்க அந்தம்மா மாடிக்கு ஏற வேண்டும். அதனால்தான் இந்த வேலை. வெப்சைட்டை ஃபோனுக்குள்ளேயே இறக்கி, மற்ற ஆப் மாதிரி முகப்பில் ஒரு படமாக உட்கார வைத்துவிட வேண்டும். தொட்டால் திறக்கும், டவர் இல்லாவிட்டாலும் பேசும். செய்வதற்குப் பெரிய வித்தையெல்லாம் இல்லை. இந்தத் தளத்தின் பேர் இது, நிறம் இது, படம் இது என்று ஃபோனுக்குச் சொல்கிற ஒரு சின்னக் கோப்பு, படங்களையும் குரல்களையும் ஃபோனிலேயே பத்திரமாக வைத்துக்கொள்கிற இன்னொரு கோப்பு. இரண்டையும் போன வாரமே எழுதி முடித்தேன். போன வியாழக்கிழமை ஏழு ஃபோனிலும் ஏற்றியும் விட்டேன். எல்லாம் சரியாக வந்தது. படம்தான். படத்தைத்தான் அவசரத்தில், சரி, எதையோ ஒன்றை வரைவோம் என்று ஒரு கை வரைந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை ‘நான் சொல்றேன் டீச்சர்’ என்று தூக்குகிற மாதிரி, விரித்த கை. நான் சதுரமாக வரைந்ததை ஃபோன்கள் தங்கள் இஷ்டத்துக்கு வட்டமாக வெட்டிக்கொண்டன, விரல் நுனி ஐந்தும் போய்விட்டது. ஓரத்தில் இடம் விட்டு நடுவில் அடக்கமாக வரைய வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா? ‘பேசும் பலகை’ என்று வைத்த பேர்கூட இடம் பற்றாமல் ‘பேசும் ப’ என்று நின்று, பக்கத்தில் மூன்று புள்ளி. ருக்குமணியம்மாவின் மகன் ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான், “ஏனுங்க்கா, கட்சிச் சின்னமாட்ட இருக்குதுங்களே. எங்கம்மா அம்பது வருசமா இந்தக் கட்சிக்கு எதிர்ப்புங்க. இதெத் தெனமும் பார்த்தா இருக்கற ரெண்டு வார்த்தையும் போயிருமுங்க.” எல்லோரும் சிரித்தார்கள், ருக்குமணியம்மாவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. படத்தைப் பார்த்தார். ஃபோனை மடியில் மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். அப்புறம் இந்த ஒரு வாரமாக அதைத் தொடவே இல்லை. பசித்தால் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்.

கட்சிச் சின்னம் என்பதால்தான், வேறொன்றுமில்லை. அவருக்கும் கட்சி பிடிக்காது. எந்தக் கட்சியும் பிடிக்காது, தேர்தல் அன்றைக்குக்கூட ஓட்டுப் போட்டுவிட்டு வந்து கிளாஸ் எடுப்பார். அதனால்தான். சரி, கை வேண்டாம். வாய் வரையலாம் என்று திங்கட்கிழமை வரைந்தேன். சிவப்பாக, நன்றாகத்தான் இருந்தது, லிப்ஸ்டிக் விளம்பரம் மாதிரி. கொஞ்சம் இயல்பாக இருக்கட்டும் என்று இரண்டு பக்கத்தையும் சரியாக இழுத்து நேராக்கியபோது கை நின்றுவிட்டது. மாமாவின் வாய் வலது பக்கம் இறங்கியிருக்கிறது. இப்போது முன்னைக்குப் பரவாயில்லை, ஆனாலும் காலையில் ஷேவ் செய்துவிடும்போது அந்த ஓரத்தை என் கட்டைவிரலால் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்தால்தான் பிளேடு ஓடும். அந்த நேரம் அவர் கண்ணை மூடிக்கொள்வார். சோப்பு நுரைக்காக மூடுகிறார் என்று நினைத்துக்கொள்வேன். நேரான வாயைத் தினமும் இருபது தடவை தொடச் சொல்லி அவரிடம் கொடுக்க முடியுமா? அழித்தேன். பேசுகிற மாதிரி வட்டம் போட்டு வால் வைத்தால் வாட்ஸப் மாதிரி இருக்கிறது. மைக் போட்டால் பாட்டுப் பதிவு செய்கிற ஆப். கிளி வரைந்தேன், பச்சையும் சிவப்புமாக அழகாக வந்துவிட்டது, எட்டாவது படிக்கிற பூவிழி எட்டிப் பார்த்து, “ஏம்மா, அப்பா என்ன சொன்னதெச் சொல்ற கிளியா?” என்றாள். கோபம் அவளுக்கு. அப்பா பேச்சை யாராவது எடுத்தாலே கோபம். கிளியையும் அழித்தேன். கிளியாவது பறந்து போயிருக்கும், நான்தான் கூட்டோடு அழித்தேன். என்ன யோசனை இது, இருபத்தேழு சதவீதம்.

எல் போர்டு போட்டால்? வெள்ளையில் சிவப்பு எல். அவர் காரின் முன்னாலும் பின்னாலும் இருபது வருஷம் ஒட்டியிருந்தது, இன்று காலையில் நான் கோபியிலிருந்து ஓட்டி வந்த காரிலும் இருக்கிறது, எடுக்க மனசு வரவில்லை. அவர் எப்போதும் போல இடது சீட்டில்தான் உட்கார்ந்து வந்தார். கற்றுக்கொடுக்கிறவர் சீட். அதன் அடியில் அவருக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. சித்தோடு தாண்டும்போது லாரிக்குப் பின்னால் நான் கொஞ்சம் நெருங்கிவிட்டேன், கார் தானாக நின்றது. திரும்பிப் பார்த்தால் அவருடைய இடது கால், நல்ல கால், பிரேக் மேல். முகத்தில் ஒன்றும் இல்லை, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கரித்தது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்தார். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் இதே சீட்டில் நான் கற்றுக்கொள்ள உட்கார்ந்தபோது என் கை ஸ்டியரிங்கில் வழுக்கியது, அவ்வளவு வேர்வை. இஞ்சின் நாலு தடவை நின்றது. அப்போதும் இப்படித்தான் ரோட்டைப் பார்த்தபடி, “பயப்படாதீங்க அம்மிணி. நிக்கறது நல்லதுதானுங்க, ஓடிப்போற வண்டிதான் கஷ்டம். சாவியத் திருப்புங்க,” என்றார். யாருக்கும் குரலை உயர்த்தியதில்லை. பயந்தவர்களோடு பேசிப் பேசியே பழகின குரல். கிளச்சு, மெதுவா, விடுங்க, இன்னும் மெதுவா. கல்யாணத்துக்கு அப்புறமும் எனக்கு அம்மிணி போகவில்லை, ‘ங்க’தான் போனது. அந்தக் குரல் எதிலும் பதிவாகி இல்லை. தேடினேன். பக்கத்தில் இருக்கிற ஆளுக்கு எதற்கு வாய்ஸ் மெசேஜ்? எல் போர்டு வேண்டாம். அது அவர் தொழில். ஒரு நாளைக்கு இருபது தடவை தொழிலைத் தொட்டுவிட்டு, வெந்நீர் வேண்டும் என்று கேட்கச் சொல்வதா?

உள்ளே எண்ணுவது நின்றிருக்கிறது. காது தானாக நீள்கிறது. ஒன்றுமில்லை, காலை மாற்றியிருப்பார்கள். ஒண்ணு, ரெண்டு. சரி. எந்தச் சத்தம் நின்றாலும் எனக்கு இப்போதெல்லாம் இப்படித்தான். அன்றைக்குச் சத்தம் நிற்கவில்லை, வந்தது. நான்தான். வேண்டாம், படத்தைப் பார். புதுக் கோப்பு, ஐநூற்றுப் பன்னிரண்டு புள்ளி அகலம், அதே உயரம், நடுவில் ஒரு வட்டம் கீறிக்கொள்கிறேன், இதற்குள் எது இருந்தாலும் ஃபோன் வெட்டாது. வட்டத்துக்குள் என்ன? அன்றைக்கும் இப்படி ஒரு படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை. ஒரு ஜவுளிக்கடைக்காரரோடு ஃபோனில். கடைச் சின்னத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்துங்கம்மா, இன்னும் கொஞ்சம், ஐயோ அவ்வளவு வேண்டாம். முதுகுக்குப் பின்னால் வாசல். மாமா வந்து நின்றது தெரிந்தது. எப்போதும் தெரியும், செருப்புச் சத்தம். அன்றைக்கு ஒரு செருப்பு மட்டும் தேய்ந்துகொண்டு வந்தது, அதை அப்புறம்தான் நினைத்துப் பார்க்கிறேன், அப்போது காதில் விழுந்ததே தவிர மனசில் விழவில்லை. ஏதோ ஒரு சத்தம் செய்தார். வார்த்தை இல்லை, ம் என்றோ ப் என்றோ. நான் திரும்பவில்லை. வலது கையைத் தூக்கி விரித்துக் காட்டினேன். இருங்க, ஒரு நிமிஷம். அவ்வளவுதான். அந்தச் சின்னத்தை நகர்த்தி முடித்து, சரிங்க சார், அனுப்பிடறேன் சார் என்று சொல்லித் திரும்பினால், வாசல் நிலையில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார், குழந்தையை உட்கார வைத்த மாதிரி, கால் இரண்டும் முன்னால் நீட்டிக்கொண்டு.

ஃபோனில் இருக்கிறது, ஜவுளிக்கடைக்காரரோடு பேசிய அந்த அழைப்பு, நாற்பத்தொரு நிமிஷம். எத்தனையாவது நிமிஷத்தில் கையைத் தூக்கினேன்? சின்னத்தைப் பற்றிப் பேச்சு வந்தது பாதிக்கு மேல். அப்படியென்றால் பதினொன்று பத்து. டாக்டர் கேட்டார், எப்பம்மா ஆரம்பிச்சுது, சரியா யோசிச்சுச் சொல்லுங்க. பதினொன்றரை என்றேன். பொய் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை, நான் பார்த்தது பதினொன்றரைக்கு. ஆனால் சொல்லும்போதே பதினொன்று பத்து என்று உள்ளே ஒன்று சொன்னது, அதற்கு இன்னொரு முறை கையைக் காட்டினேன். இருபது நிமிஷம். மருந்து கொடுக்கிற நேரத்துக்குள்தான் வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னார், இருபது நிமிஷத்தால் ஒன்றும் கெட்டிருக்காது என்று நானாகவே டாக்டர் குரலில் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன், ஒன்பது மாதமாக. பாத்திரம் துலக்கும்போது சொல்கிறேன். பச்சை சிக்னலுக்கு நிற்கும்போது சொல்கிறேன். இப்போது நான் பயப்படுவது அதற்கில்லை. அவர் ஞாபகம் வைத்திருக்கிறாரா என்பதற்கு. மூளையில் எது போனது, எது இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பூவிழி பிறந்த நாள் ஞாபகம் இருக்கிறது, காலண்டரில் தொட்டுக் காட்டினார். ரிவர்ஸ் எடுக்கும்போது எந்தக் கண்ணாடியை முதலில் பார்க்க வேண்டும் என்பது இருக்கிறது. வாசலில் நின்றுகொண்டு, நாக்கு புரளாமல், முன்னால் தெரிந்த ஒரு முதுகையும் ஒரு கையையும் பார்த்தது மட்டும் இல்லாமலா போயிருக்கும்? பார்த்துப் பார்த்து நானே அந்தக் கையை வரைந்து, அவர் ஃபோனிலேயே ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். கட்சிச் சின்னமாம்.

“அக்கா, ரெடிங்களா?” ஷமீமா. கையில் டீ, இரண்டு கப். ஒன்றை எனக்கு நீட்டுகிறது.

“படம்தான் இன்னும் அமையல ஷமீமா.”

“எந்தப் படமா இருந்தாலும் பழகிக்குவாங்கக்கா. சும்மா ஒரு பூவெப் போட்டு உடுங்க. போன வாரம் போட்ட கை மட்டும் மாறிருமில்ல?”

“அதுலயும் ஒரு தொந்தரவு இருக்குது. நான் இங்க மாத்துனாலும் ஃபோன் உடனே மாத்தாது. பழைய படத்தெப் புடிச்சு வெச்சுக்கும். சிலதுல நாள்கணக்குல நிக்கும்.”

“அப்போ?”

“ஒவ்வொரு ஃபோன்லயும் எடுத்துட்டுத் திரும்பப் போடோணும். ஒரு ஃபோனுக்கு ரெண்டு நிமிசம். நானே செஞ்சு குடுத்தர்றேன்.”

ஷமீமா என் முகத்தைப் பார்க்கிறது. சின்னப் பெண், இருபத்தாறு இருக்கும், ஆனால் பேசாதவர்களின் முகத்தையே பார்த்துப் பழகியதால் பேசுகிறவர்களின் முகமும் அதற்குத் தெரிந்துவிடுகிறது. “அண்ணன் என்னங்கக்கா, போன வாரம் மூஞ்சி சுருங்கிப் போச்சு? கேட்டுப் பாத்தீங்களா?” “அவருக்குக் கட்சின்னாலே புடிக்காது,” என்கிறேன். “ஓ,” என்று சொல்லிவிட்டுப் போகிறது. அந்த ஓவில் நம்பிக்கை இல்லை. கேட்டுப் பார்த்தீர்களா என்றால், இல்லை. ஒன்பது மாதமாக அவரிடம் நான் கேட்ட கேள்விகளை எண்ணினால் எல்லாம் அந்த நாற்பத்திரண்டு படத்துக்குள்தான் இருக்கும். பசிக்குதா, வலிக்குதா, போலாமா. பதில் தெரிந்த கேள்வி. ஆமாவிலும் இல்லவிலும் முடிகிற கேள்வி. இதுவும் அப்படி முடிகிற கேள்விதானே, ஞாபகம் இருக்கிறதா மாமா? ஆமா. இல்ல. அதனால்தான் கேட்கவில்லை. இரண்டில் ஒன்றை அவர் தொட்டுவிடுவார். என் தம்பியின் குரலில் அது வெளியே வரும்.

டீ ஆறிப்போனது. ஒரு பூவை வரைகிறேன். செம்பருத்தி, ஐந்து இதழ். வட்டத்துக்குள் அடக்கமாக நிற்கிறது, வெட்டுப்படாது. பேரையும் சுருக்கி ‘பேச்சு’ என்று வைத்துவிட்டேன், புள்ளி வராது. இருபத்திரண்டு சதவீதம். செம்பருத்திக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஒன்றும் இல்லாததுதான் நல்லது என்று தோன்றுகிறபோதே இதழ் ஐந்தும் விரல் ஐந்தாகத் தெரிகிறது, சே, லேப்டாப்பைப் பாதி மூடுகிறேன். கதவு முழுதாகத் திறக்கிறது. மாமா. இடது கையில் ஊன்றுகோல், வலது தோளைப் பிசியோ தம்பி பிடித்திருக்கிறான். நாலு கால் வைத்துவிட்டு நிற்கிறார், மூச்சு வாங்குகிறார், இன்னும் நாலு. “அண்ணன் இன்னிக்குத் தானா ஏழு படி ஏறிட்டாருங்க,” என்கிறான் தம்பி. நான் எழுந்து பிடித்து உட்கார வைக்கிறேன். சட்டை முதுகு நனைந்திருக்கிறது. துண்டால் கழுத்தைத் துடைக்கிறேன், ஏழு படியா மாமா, ஏழா, என்று கேட்டுக்கொண்டே. அவர் இடது கையின் ஐந்து விரலைக் காட்டி, மூடி, இரண்டைக் காட்டுகிறார். பெருமைதான். வாயின் இடது ஓரம் கொஞ்சம் மேலே போகிறது.

பதினொன்று ஐந்து. தம்பி உள்ளே போய்விட்டான். வராந்தாவில் நாங்கள் இருவர்தான். லேப்டாப்பைத் திறந்து செம்பருத்தியைக் காட்டுகிறேன். “இது நல்லாருக்குதா மாமா?” பார்க்கிறார். தலையை ஆட்டவில்லை. எதற்கும் இல்லாத ஒரு பார்வை, விருந்துக்குப் போன வீட்டில் காலண்டரைப் பார்க்கிற மாதிரி. அவர் சட்டைப்பையிலிருந்து ஃபோனை எடுக்கிறேன், பழைய படத்தை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டுமே, திரையைத் திறந்தால் அது அங்கே இருக்கிறது, விரல் நுனி இல்லாத கை. அவர் முகம் அந்தப் பக்கம் போகிறது. நீக்கு என்கிற இடத்துக்கு என் விரல் போய் நிற்கிறது. நீக்கிவிட்டால் போய்விடும். பூவை வைத்துவிடலாம், பழகிக்கொள்வார், ஷமீமா சொன்ன மாதிரி. எல்லோரும் பழகிக்கொள்வார்கள், நானும். விரல் நிற்கிறது. என் குரல் எனக்கே வேறு எங்கோ இருந்து வருகிற மாதிரி கேட்கிறது.

“மாமா, இந்தக் கை புடிக்காமத்தான் ஃபோனெக் கவுத்தி வெச்சீங்களா?”

திரும்பவில்லை.

“அன்னைக்கு நீங்க வந்து நின்னப்போ நான் திரும்பிக்கூடப் பாக்காம இப்புடிக் கையெக் காட்டுனேன். உங்களுக்கு ஞாபகம் இருக்குதா? பதினொண்ணு பத்து இருக்கும். டாக்டர்கிட்ட பதினொண்ணரைன்னு சொல்லிட்டேன். நான் திரும்பிப் பாத்திருக்கோணும் மாமா.”

சொல்லிவிட்டேன். லிஃப்ட் மணி அடிக்கிறது, யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள், எங்கள் காலை ஒதுக்கச் சொல்கிறார்கள், ஒதுக்குகிறோம். அவர் இடது கையை நீட்டி ஃபோனை வாங்குகிறார். அந்தக் கைப் படத்தையே தொட்டுத் திறக்கிறார், ஒரு வாரத்தில் முதல் முறையாக. நாற்பத்திரண்டு படமும் வரிசையாக. கட்டைவிரல் மெதுவாக இறங்கி ஒன்றைத் தொடுகிறது. “ஆமா,” என்கிறது என் தம்பியின் குரல். ஆமா. ஞாபகம் இருக்கிறது. இத்தனை நாளும் இருந்திருக்கிறது, நான் ஷேவ் செய்துவிடும்போது, சோறு பிசையும்போது. கட்டைவிரலை அவர் இன்னும் எடுக்கவில்லை. பக்கத்தில் நகர்ந்து, “இல்ல,” என்கிறது. ஆமா, இல்ல. என்னைப் பார்க்கிறார். நெற்றி சுருங்குகிறது. தான் சொல்ல நினைத்தது அந்த இரண்டிலும் இல்லை என்கிற சுருக்கம், அது எனக்குத் தெரியும். நாற்பத்திரண்டையும் மேலும் கீழுமாகத் தள்ளுகிறார். இல்லை. எதிலும் இல்லை. பேச்சுத் தளத்தை மூடிவிட்டு ஃபோனில் எடுத்த படங்களுக்குள் போகிறார்.

கோபமாக இருக்கும். இந்தப் பேச்சை விட்டுவிட்டு வேறு எதையோ பார்க்கிறார். மேலே தள்ளுகிறார், ஆஸ்பத்திரிச் சீட்டுகள், பூவிழி, பூவிழியின் சைக்கிள், மருந்து அட்டை, பொங்கல், போன வருஷம், இன்னும் மேலே. டிரைவிங் ஸ்கூல் பெண்கள் லைசென்ஸைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கட்டைவிரல் வழுக்கித் தாண்டிப் போய்விடுகிறது, பொறுமையாகத் திரும்பி வருகிறார். நின்று, ஃபோனை என் பக்கம் சாய்க்கிறார். என் முதுகு. முதலில் யாரென்றே தெரியவில்லை, நம் முதுகை நாம் எப்போது பார்த்தோம்? பிறகு அந்தப் பச்சை கிளிப், மேசை, ஜன்னல், காதில் ஹெட்ஃபோன். வாசலில் நின்று எடுத்தது. அடுத்ததைத் தள்ளுகிறார், அதுவும் நான்தான், வேறு புடவை, வேறொரு நாள், மழை நாளாக இருக்க வேண்டும், லைட் எரிகிறது. அடுத்தது. அடுத்தது. ஒன்றில் தலையைச் சொறிகிறேன், ஒன்றில் காலை நாற்காலி மேல் மடித்து வைத்திருக்கிறேன். ஒன்பது, பத்து, பதினொன்று படம். ஏழெட்டில் என் வலது கை தூக்கி விரித்திருக்கிறது, இருங்க, ஒரு நிமிஷம். கை காட்டாத படத்தில் அவர் வந்ததே எனக்குத் தெரிந்திருக்காது. ஒன்றில் அந்தக் கை, ஐந்து விரலும் ஜன்னல் வெளிச்சத்தில் சிவந்து, அழகாகவே இருக்கிறது. நான் எப்போதும் இப்படித்தான் கையைக் காட்டியிருக்கிறேன் போலிருக்கிறது. அவர் எப்போதும் வந்து நின்றிருக்கிறார். எனக்குத் தெரியவே தெரியாது.

“எதுக்கு மாமா இத்தனை? என்ன வேணும்னு வந்து வந்து நின்னீங்க?”

ஃபோனை மடியில் வைக்கிறார், திரை மேலே பார்த்தபடி. வாய் அசைகிறது. இந்த அசைவு எனக்குத் தெரியும், தொடங்கித் தொடங்கி நின்றுவிடும், வேர்த்துவிடும், அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடுவார். நான் ஒன்றும் எடுத்துக் கொடுக்கவில்லை. பசியா, தண்ணியா என்று கேட்கவில்லை. “சு,” என்கிறார். நாக்கு பின்வாங்குகிறது. “சு... சு...” சுகந்தியா? பேரைச் சொல்ல வருகிறாரா? காத்திருக்கிறேன். கழுத்து நரம்பு புடைக்கிறது. “சும்...மா.”

சும்மா. அவர் குரல். கரகரத்து, ஒரு பக்கம் காற்றுப் போய், ஆனால் அவர் குரல், ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசுகிற குரல். சும்மா வந்து நின்றாராம். பதினைந்து நிமிஷ இடைவெளி கிடைத்தால் ஒரு கிளாஸுக்கும் அடுத்த கிளாஸுக்கும் நடுவில் வீட்டுக்குள் வந்து, வாசலில் நின்று, முதுகைப் பார்த்துவிட்டு, சும்மா திரும்பிப் போயிருக்கிறார். அன்றைக்கும் சும்மாவா மாமா என்று கேட்கிறேன். அதற்கு அவர் இடது தோளை மட்டும் கொஞ்சம் தூக்கி இறக்குகிறார். தெரியாது. அவருக்கே தெரியாது. எனக்கும் இனிமேல் தெரியப் போவதில்லை, அந்த இருபது நிமிஷம் இருபது நிமிஷமாகத்தான் இருக்கும். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் துண்டைத் தேடுகிறார், அது என் மடியில்தான் கிடக்கிறது, எடுத்து என் மூக்கைத் துடைக்கிறார், அவருடைய வேர்வை வாடையோடு. கொஞ்சம் அழுத்தமாகவே துடைக்கிறார், இடது கைக்கு இன்னும் அளவு பிடிபடவில்லை.

“இதுல ஒண்ணெ வெச்சர்லாமா மாமா, முகப்புல?” தலையாட்டுகிறார். எது என்றதும் தேடி எடுக்கிறார், கை காட்டுகிற படம் இல்லை, தலையைச் சொறிகிற படம். “அய்யோ, இதுவா?” இதுதான். தொட்டுத் தொட்டுக் காட்டுகிறார். சரி. படத்தை லேப்டாப்புக்கு அனுப்பி வட்டத்துக்குள் வைக்கிறேன், கிளிப்பும் கையும் வெட்டுப்படாமல் கொஞ்சம் சிறிதாக்குகிறேன். பெரியது ஒன்று, சின்னது ஒன்று, இரண்டு அளவில் எடுத்து, அவர் ஃபோனுக்கு மட்டும் தனியாக ஒரு விவரக் கோப்பு எழுதுகிறேன். பதினெட்டு சதவீதம். மற்ற ஆறு பேருக்கும் என்ன படம் என்று நான் ஏன் யோசிக்க வேண்டும்? அவர்களைக் கேட்க வேண்டும். ருக்குமணியம்மாவுக்கு மாடு வேண்டியிருக்கும், பேரன் வேண்டியிருக்கும், அவரவர் ஃபோனில் அவரவர் எடுத்தது ஏதாவது இருக்கும். பழைய ஆப்பை நீக்குகிறேன். திரையில் அந்த இடம் காலியாகிறது. தளத்தைத் திறந்து, முகப்பில் சேர்க்கவா என்று ஃபோன் கேட்டதும் அவரையே தொடச் சொல்கிறேன். தொடுகிறார். ஒரு வினாடி ஒன்றும் இல்லை. அப்புறம் வட்டமாக என் முதுகு, கீழே ‘பேச்சு’.

நாற்பத்து மூன்றாவதாக ஒரு கட்டம் சேர்க்கிறேன். சும்மாவுக்கு என்ன படம் போடுவது? ஒன்றும் போடவில்லை, வெறும் மஞ்சள் கட்டம். “தம்பியெச் சொல்லச் சொல்லட்டுமா?” என்று கேட்டுவிட்டு, கேட்கும்போதே என் ஃபோனின் மைக்கை அவர் வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போகிறேன். பார்க்கிறார். தொண்டையைச் செருமுகிறார். முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவை ‘சு’வோடு நின்றது. மூன்றாவது தடவை சொன்னார், சொல்லும்போது பார்த்து மருந்துக் கவுன்ட்டரில் நாற்பத்தேழாம் நம்பரைக் கூப்பிட்டார்கள், அதுவும் சேர்ந்து பதிவாகிவிட்டது. இன்னொரு வாட்டி எடுக்கலாமா மாமா என்றால் தலையை ஆட்டி மறுக்கிறார். நெற்றியெல்லாம் வேர்வை. போதும், இதுவே இருக்கட்டும். ஏற்றுகிறேன். படிக்கட்டில் ருக்குமணியம்மாவின் மகன் குரல் கேட்கிறது, மெதுவா வாம்மா, இன்னும் ரெண்டு படி. மாமா மஞ்சள் கட்டத்தைத் தொடுகிறார். ஃபோன் சொல்கிறது. ஒரு முறை கேட்டுவிட்டுத் தலையைச் சாய்க்கிறார், யாரோ தூரத்தில் கூப்பிட்ட மாதிரி. மறுபடி தொடுகிறார். மறுபடி. நாலாவது முறை சத்தத்தைக் கூட்டிவைத்துத் தொடுகிறார், சிரிப்பில் தோள் இரண்டும் குலுங்குகின்றன, இரண்டும்.

ஷமீமா கதவிலிருந்து எட்டிப் பார்க்கிறது. “யாருங்கக்கா பேசறது?”

“அவருதான்,” என்கிறேன்.